ராணி செருப்புக்கே காசு குடுத்த ஊருலே இது

ஏலேய் மக்கா, கப்பல விட்டு எறங்குனதும் எறங்காததுமா என்னலே இந்தப் பொலம்பல்? துபாய்ல வருமான வரியே கெடையாதுன்னு காலரத் தூக்கிட்டுத் திரிஞ்சியே. இப்போ தண்ணி பாட்டிலுக்கும் நூத்துக்கு அஞ்சு வாட் போடுதானாம்! 2018-லயே போட்டாச்சுலே. நீ இப்பத்தான் பில்லப் பாத்தியாக்கும்?

சவூதில இருந்த ஒன் மச்சான் ஒனக்கும் மேல. கூட இருக்க பொண்டாட்டி புள்ளைகளுக்குத் தலைக்கு மாசம் 100 ரியால் கட்டணும்னு 2017-ல சவூதி சர்க்காரு ஆரம்பிச்சுது. 2020-ல அது 400. மச்சான் குடும்பத்த ஊருக்கு ஏத்தி விட்டுட்டு, "புள்ளைக தமிழ் படிக்கட்டும்"னு சொல்லுதான். தமிழ்ப் பற்று எங்கேருந்து வருது பாத்தியா?

வரி நமக்கென்ன புதுசாலே? 1540-கள்ல போர்ச்சுக்கீசுக்காரன் நம்ம முத்துக்குளிக்கிற கரையில கப்பம் வாங்குனான். அதுல 4,000 பணம் கத்தரீனா ராணிக்கு. எதுக்குலே? செருப்புக்கு! லிஸ்பன்ல இருந்த மகராசி காலுக்கு, இங்க முத்துக்குளிக்க மூச்சடக்குனது நம்ம பாட்டன். சவேரியார்தான் அந்தக் காசக் கேட்டு வாங்கி, நம்ம புள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்குடுத்தவுகளுக்குச் சம்பளமாக்குனாரு. பொறவு இங்கிலீசுக்காரன் வந்தான். குளிச்சு எடுத்த சிப்பில மூணுல ரெண்டு பங்கு சர்க்காருக்கு. சுறாவுக்குப் பயந்தவனுக்கு ஒரு பங்கு. அவுகளும் வேத்து நாட்டுக்குப் பொழைக்க வந்தவுகதான் மக்கா. அவுக வரி வாங்குனாக, நீ வரி கட்டுதே. அம்புட்டுதான் வித்தியாசம்.

இப்போ நம்ம வருமான வரிக்காரன் மொதல்ல கேக்கது ஒரு எண்ணத்தான். ஏப்ரல்ல இருந்து மார்ச்சுக்குள்ள 182 நாள் இங்க இருந்தியா? இருந்தா, எந்தக் கடல்ல சம்பாதிச்சதுக்கும் கணக்குக் கேக்கலாம். கப்பல்காரனுக்கு, கப்பல் வேலைக்குக் குடுக்க சி.டி.சி. புத்தகத்துல ஏறுன தேதி, எறங்குன தேதிதான் பேச்சு. நீ என்ன செய்யுதே? தேதியக் கேட்டா முழிக்கே. கோயில் திருநாளு, கொழுந்தியா கல்யாணம்னு மாசத்த இழுக்கே. மார்ச்சு வந்ததும் ஆடிட்டர் காலப் பிடிக்கே. செல்போன்ல எத்தன அடி நடந்தோம்னு எண்ணத் தெரியுது, ஊர்ல எத்தன நாள் இருந்தோம்னு எண்ணத் தெரியலையோ?

பேங்குலயும் அதே கூத்துதான். வெளிநாட்டுல வேல பாக்கவுகளுக்கு ரெண்டு கணக்கு. என்.ஆர்.இ. கணக்குல போட்டா வட்டிக்கு வரி இல்ல. என்.ஆர்.ஓ.ல போட்டா வட்டில 30 சதவீதம் மொதல்லயே புடிச்சிருவான். ரெண்டுக்கும் பாரம் நீட்டுனா, படிச்சுப் பாக்க ஒனக்கு நேரமில்ல. மேனேஜர வைய மட்டும் நேரமிருக்கு.

கேட்டுக்கோ. எந்த ராசா வந்தாலும் வரி ஒழியாது. சி.டி.சி. நகல் ஒண்ணு, நாள் எழுதுன நோட்டு ஒண்ணு வீட்டுல வையி. பழைய சேமிப்புக் கணக்க நாளைக்கே என்.ஆர்.ஓ.வா மாத்து. அதெல்லாம் முடிச்சிட்டு வந்து சர்க்கார வையி, நானும் கூடச் சேந்து வையுதேன்.