தலையைத் தூக்கிப் போகிறவர்கள்

கேள்வி: போருக்குப் பயந்து அயல்நாட்டில் போய் உட்கார்ந்த ஓவியர் போரை வரைந்தால், அதை எப்படி நம்புவது?
(ஒரு வாசகர், பரங்கிப்பேட்டை)

பதில்: சபர், அதாவது வெளிநாடு, போனவருக்குத்தான் ஊர் நினைப்பு அதிகம் என்று பரங்கிப்பேட்டைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? முதல் உலகப்போர் நடந்தபோது பெல்ஜிய ஓவியர் ஃபிரான்ஸ் மசரீல் ஜெனிவாவில் இருந்தார். 1917இல் அவர் வெளியிட்ட மரச்செதுக்குப் படம் ஒன்றில், தலையில்லாத இரண்டு சிப்பாய்கள் ஸ்ட்ரெச்சர் தூக்கிப் போகிறார்கள். அதில் கிடப்பவை அவர்களுடைய தலைகளே! எந்தப் போர்முனையிலும் இப்படி நடக்காது. ஆனாலும் போர் என்றால் இதுதான். உளி தொட்ட இடம் வெள்ளை, தொடாத இடம் கறுப்பு. நடுவே மழுப்புவதற்குச் சாம்பல் நிறம் கிடையாது.

நேரில் பார்த்தவர்தானே சாட்சி என்பீர்கள். நியாயம்தான். வங்கப் பஞ்சத்தின்போது, 1943இல், ஓவியர் சித்தப்ரசாத் மிதினாப்பூருக்கே போய், எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களைப் பார்த்து வரைந்து புத்தகமாக்கினார். அந்தப் புத்தகத்தைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து கொளுத்தியது. நேரில் பார்த்த சாட்சிக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். மசரீலும் சண்டை நடந்த நாட்டிலேயே இருந்திருந்தால் அவர் செதுக்கிய மரக்கட்டை அடுப்புக்குப் போயிருக்கும். நடுநிலை நாட்டு ஜெனிவாவில் இருந்ததால் அச்சுக்குப் போனது.