லாபம் எங்கீங்க?

கேள்வி: ஏனுங்க, எங்க பையன் கம்ப்யூட்டர்ல குட்டிக் குட்டி கேம் செஞ்சு, காசே வாங்காம ஊருக்கெல்லாம் குடுக்கறானுங்க. பம்ப்செட் பட்டறை வெச்சிருக்கற எனக்கு இதுல லாபம் எங்கன்னு தெரியலீங்களே? (ஒரு தந்தை, பீளமேடு, கோவை)

பதில்: பையன் தனி ஆள் இல்லை. 2002-ல் தொடங்கிய 'லுடும் டேர்' போட்டியில் ஒருவர் தனியாக 48 மணி நேரத்தில் ஒரு கேமை முடித்து, அதன் நிரலையும் ஊருக்குக் கொடுத்துவிட வேண்டும். பரிசுப் பணம் கிடையாது. செய்த கேமே பரிசு. 2013-ல் வந்த 'இட்ச்' என்ற கேம் தளம் இன்னும் தாராளம்: கேமின் விலை மட்டுமல்ல, தளத்துக்குத் தரும் கமிஷனும் செய்தவர் இஷ்டம். இரண்டுமே பூஜ்ஜியமாக இருக்கலாம். மஞ்சள் மண்டியில் இதைச் சொன்னால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

லாபக் கதையும் உண்டு. டொராண்டோவில் ஒரு சின்னக் குழு 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' கேமில் துப்பாக்கி இல்லை, கார் பந்தயம் இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், கிழிந்து மங்கிய சமையல் குறிப்பு, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்ற புதிர், அவ்வளவுதான். 2024-ல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது!

கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் கோவை. இட்லி கேம் மட்டும் டொராண்டோவில் பிறந்திருக்கிறது. பீளமேட்டுப் பையன் அடுத்து கிரைண்டர் கேம் செய்யட்டும். மாவு பொங்கி வழிந்தாலும் தரையைத் துடைக்க வேண்டியதில்லை.