கேட்டலாக்கில் ஏறாத காரணங்கள்

"எண்ணெய் வண்ணத்தின் அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்கி, உலோகத்தை அமிலம் அரிக்கும் வன்முறையில் தன் மொழியைக் கண்டடைந்தவர்" என்று என்னைப் பற்றி ஒரு கண்காட்சி கேட்டலாக் சொல்கிறது. எழுதியவர் நல்ல மனிதர். நான் வாங்கிக் கொடுத்த காப்பிக்கு மேலாகவே எழுதிவிட்டார். எண்பதுகளின் கடைசியில் நான் எண்ணெய் வண்ணத்தை விட்டதற்குக் காரணம் காட்மியம் சிவப்பின் விலை. ஒரு ட்யூப் வாங்கினால் மெஸ் பாக்கி நின்றுவிடும். காடாத் துணியில் ஃபெவிக்காலும் ஜிங்க் வெள்ளையும் பூசி, மலிவான மண் நிறங்களை வைத்தே கொஞ்ச காலம் ஓட்டினேன். அந்தப் படங்களை இப்போது 'நிலத்தின் நினைவு' என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

சென்னை ஓவியக் கல்லூரியில் அப்போது லட்சியத்துக்குப் பஞ்சமே கிடையாது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. பிற்பாடு தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி உட்கார்ந்த கட்டடத்தில் நாமும் டீ குடிக்கிறோம் என்ற நினைப்பே பாதிப் பேருக்குத் தாடி வளர்க்கப் போதுமானதாக இருந்தது. ஆனால் ராத்திரியில் எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஸ்கெட்ச் போடக் கிளம்பும்போது லட்சியம் ஹாஸ்டலிலேயே தங்கிவிடும். பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்கள் அசைய மாட்டார்கள். மாடலுக்குக் காசும் கேட்க மாட்டார்கள். அந்தக் கோட்டோவியங்களில் 'இடம்பெயர்வோரின் உடல் அரசியல்' இருப்பதைப் பின்னாளில் ஒரு கருத்தரங்கில் நானே விளக்கினேன், கைதட்டினார்கள்.

எட்சிங்குக்கு மாறியது இன்னும் அற்பமான காரணத்துக்காக. சீனியர் ஒருவர் தூக்கிப் போட்ட துத்தநாகத் தகட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது. போதாததற்கு, ஒரே தகட்டில் பல பிரதிகள் எடுக்கலாம். ஒருத்தருக்குக் கொடுத்தால் இன்னொருத்தர் கோபித்துக்கொள்ளும் வயசு அது.

ஆனால் வேலை பிடித்துப்போனது. மெழுகும் தாரும் பிசினும் கலந்த பூச்சைச் சூடான தகட்டில் தடவி, மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பேற்ற வேண்டும். ஊசியால் கீறினால் கறுப்புக்குள்ளிருந்து உலோகம் பளிச்சிடும். அப்புறம் தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத் தட்டில் இறக்கினால் கோடு நெடுகக் கோலி சோடா மாதிரி குமிழ் கட்டும். அதை இறகால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே நிற்க வேண்டும். குமிழ் உட்கார்ந்துவிட்டால் அரிப்பு சீராக விழாது. வெளியே பெரியமேட்டுத் தோல் மண்டிகளின் வாடை, உள்ளே அமிலப் புகை. பூச்சைக் கழுவி, மையை அழுத்தி, சல்லாத் துணியால் துடைத்து, கடைசியில் வெறும் உள்ளங்கையால் ஒரு துடைப்பு. ஈரக் காகிதத்தை வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது, ரயிலுக்குக் காத்திருந்த ஒரு கிழவியின் முந்தானை மடிப்பு நான் போட்டதைவிட நன்றாக வந்திருக்கும். அதில் எனக்குப் பங்கு எவ்வளவு, அமிலத்துக்கு எவ்வளவு என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. இது கேட்டலாக்கில் இல்லை.

களிமண் வேலை ஒரு பருவம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, முதுகு வலித்தது.

துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாட்டிக் செய்தது முழுக்க வயிற்றுப்பாட்டுக்கு. அதில் மட்டும் எனக்குக் கூச்சமே இல்லை. பணிக்கரும் சகாக்களும் கைவினைச் சங்கம் வைத்து, பாட்டிக் துணிகள் செய்து விற்ற காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். நம் நவீன ஓவியத்துக்கு ஒரு முகவரி வாங்கிக் கொடுத்தது மெழுகு. விமர்சகர்கள் அவர்கள் வரைந்த கோட்டைப் பற்றி எழுதிய அளவுக்கு அந்த மெழுகைப் பற்றி எழுதியதில்லை.

இப்போது செல்போனில் வீடியோ எடுக்கிறேன். நல்கை விண்ணப்பத்தில் 'புதிய ஊடகம்' என்று ஒரு கட்டம் இருந்தது, டிக் போட்டேன். தவிர, அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றத் தோள்பட்டை ஒத்துழைப்பதில்லை.

போன மாதம் ஓவியக் கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். கையில் டேப்லெட். அதில் எண்ணெய், கரி, எட்சிங் எல்லாமே பிரஷ்களாக இருக்கின்றன. பிடிக்காத கோட்டை இரண்டு விரலால் தட்டினால் போய்விடுகிறது. படத்துக்கு முன்பே கான்செப்ட் நோட் எழுதிவிட்டிருந்தான். "திரை என்னும் தோலில் அழிதலின் அரசியல்" என்று ஆரம்பித்தது.

"ஏம்ப்பா, கேன்வாஸ்ல போடறதில்லையா?" என்றேன்.

"ரூம்ல ஆறு பேர் சார். டர்பன்டைன் வாடைக்கு ஹவுஸ் ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரு."

அதை எழுதலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கடைசித் தேதி மறுநாள் என்றான். நோட்டை வாங்கி ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.