மெட்டு முந்தினால் என்ன?

கேள்வி: சொந்தமாக ஒரு இசை ஆல்பம் போட ஆசை. மெட்டு வருகிறது, வரி வர மறுக்கிறது. கையில் ஒரே ஒரு மைக். ஸ்டுடியோவுக்குக் காசில்லை. தேறுமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாக! அமெரிக்காவில் பாடகர் ஜஸ்டின் வெர்னனுக்கும் 2006 கடைசியில் ஏறக்குறைய இதே நிலைமைதான். இசைக்குழு கலைந்து, காதல் முறிந்து, உடம்பும் படுத்திய நிலையில் விஸ்கான்சின் காட்டில் அப்பாவின் வேட்டைக் குடிலுக்குப் போனார். பனிக்காலம் முழுக்க அங்கேதான். மேடைகளில் டிரம் முன்னால் வைக்கிற சாதாரண ஷூர் எஸ்எம்57 மைக், கிதார், பழைய மேக் கம்ப்யூட்டர். 'போன் ஈவேர்' என்ற பெயரில் வந்த 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' ஆல்பத்தின் பெரும்பகுதி அங்கே பிறந்ததுதான்.

உங்களுக்கு வேண்டிய விஷயம் இது: அவர் முதலில் வார்த்தையே இல்லாமல் பாடிப் பதிந்தார். தன் குரல்மேல் தன் குரலையே அடுக்கினார். பிறகு திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த ஒலிக்குள் என்ன சொல் கேட்கிறதோ அதை எழுதினார். தத்தகாரத்துக்கு வரி எழுதுவது நம் கவிஞர்களுக்குப் பழகியதுதான். தத்தகாரம் போடுபவரும் தானே, கவிஞரும் தானே என்றால் சண்டைக்குக்கூட ஆள் கிடையாது!

இவற்றை வெறும் மாதிரிப் பதிவு என்றே அவர் முதலில் நினைத்திருந்தார். 2007இல் ஆல்பத்தைச் சுமார் 500 பிரதி சொந்தமாக வெளியிட்டார். 2008இல் ஜாக்ஜாகுவார் இசை நிறுவனம் எடுத்துக்கொண்டது.

நீங்கள் இன்றிரவே 'லலலா' என்று தொடங்குங்கள். ஃபேனை மட்டும் அணைத்துவிடுங்கள், அதற்குச் சுருதி சேராது.