ஆனா? ஆஃபா? அப்பா!

ஆங்கிலத்தில் 'புட்' என்றால் வை. இது ஒன்றாம் வகுப்புப் பாடம். அதன் பின்னால் 'ஆஃப்' வந்தால் காரியத்தைத் தள்ளிப்போடுவது. 'அவுட்' வந்தால் தீயை அணைப்பது. 'ஆன்' வந்தால் சட்டை போடுவது, சில சமயம் சதை போடுவது. 'அப் வித்' வந்தால் சகித்துக்கொள்வது. எந்தக் குட்டிச் சொல்லை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் தவிப்போருக்காக இந்தக் கையேடு. இதிலுள்ள எட்டு விதிகளையும் கடைப்பிடித்தால் சரியான ஆங்கிலம் வருமா? வராது. ஆனால் தப்பாகப் பேசும்போது குரல் நடுங்காது. நேர்முகத் தேர்வில் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது.

விதி 1: அகராதியை நம்புங்கள், அதன் முன்னுரையை மட்டும் படித்துவிடாதீர்கள்.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்டார். அந்நிய நாட்டாரை மிகவும் படுத்துவது இந்த வகை வினைகள்தான் என்று அதன் முன்னுரையிலேயே எழுதினார். எவ்வளவு கூர்மையான அறிவாலும் இவற்றில் சில வந்த வழியைத் தடம்பிடிக்க முடியாது என்றும் கைவிரித்தார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் அறிமுகப்படுத்தியது 1925-இல். அந்தப் பெயரை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. ஆக, அகராதிக்காரர்களையே திணறடித்த சமாசாரம் இது. நீங்கள் திணறினால் மரியாதைக் குறைவில்லை.

விதி 2: அர்த்தத்தை யோசிக்காதீர்கள்.

'ஆஃப்' என்றால் நின்றுபோவது என்றுதானே ஸ்விட்ச் போர்டு நமக்குச் சொல்லிக்கொடுத்தது? விளக்கு 'கோஸ் ஆஃப்' என்றால் அணைந்தது, அதுவரை சரி. அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் அடித்தது. வெடிகுண்டு 'கோஸ் ஆஃப்' என்றால் வெடித்தது. இங்கிலாந்தில் பால் 'கோஸ் ஆஃப்' என்றால் கெட்டுப்போனது. விளக்கு அணைந்ததா, குண்டு வெடித்ததா என்பதை எழுவாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடுவதா வேண்டாமா என்று அதன் பிறகு முடிவு செய்யலாம்.

விதி 3: திசை பார்க்காதீர்கள்.

வீடு தீப்பிடித்துச் சாம்பலானால் 'பர்ன் டவுன்'. உள்ளேயிருந்த காகிதமெல்லாம் எரிந்து தீர்ந்தால் 'பர்ன் அப்'. ஒரே தீதான், ஒன்று கீழே போகிறது, மற்றது மேலே. விண்ணப்பப் படிவத்தை ஆங்கிலேயர் 'ஃபில் இன்' செய்வார், அமெரிக்கர் 'ஃபில் அவுட்' செய்வார். உள்ளும் புறமும் ஒன்றே என்ற வேதாந்தம் இதுதான். நாம் இரண்டையும் விட்டுவிட்டு 'ஃபில் அப்' செய்கிறோம். தண்ணீர்த் தொட்டிக்கும் படிவத்துக்கும் நாம் பேதம் பார்ப்பதில்லை.

விதி 4: சந்தேகம் வந்தால் 'அப்' போடுங்கள்.

இதில் ஓரளவு நியாயமும் உண்டு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவது, 'யூஸ் அப்' என்றால் தீர்த்துவிடுவது. எதையும் முழுதாக முடிக்க 'அப்' கைகொடுக்கும். இந்த உற்சாகத்தில்தான் நம் ஊரில் 'கோப் அப் வித்' பிறந்தது. 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்', 'புட் அப் வித்' என்று அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் 'அப்' இருக்க, 'கோப்' மட்டும் 'வித்'தோடு நிற்பதைப் பார்க்க நமக்கு மனம் பொறுக்கவில்லை. வேலைப் பளுவைச் சமாளிக்கத் தெரியும் என்று சொல்ல வந்தவர், அந்த ஒரு சொல்லிலேயே சமாளிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறார்.

விதி 5: வினைச்சொல்லைத் தனியே அனுப்பாதீர்கள்.

'டிஸ்கஸ்' என்ற வினைக்குத் துணை தேவையில்லை. ஆனால் தமிழில் 'பற்றி' இல்லாமல் பேசி நமக்குப் பழக்கமில்லை; ஆகவே 'டிஸ்கஸ் அபவுட்'. பிரியாணியை 'ஆர்டர்' செய்தால் போதும். நாம் 'ஆர்டர் ஃபார்' செய்கிறோம். இதில் வேடிக்கை, இதே சொற்கள் பெயர்ச்சொல்லாக மாறும்போது துணை வந்துவிடும்: 'எ டிஸ்கஷன் அபவுட்', 'அன் ஆர்டர் ஃபார்' இரண்டும் சுத்தமான ஆங்கிலம். வினையாக இருந்தால் தனி, பெயராக இருந்தால் துணையோடு.

விதி 6: 'இட்' எங்கே உட்காரும் என்று கேட்காதீர்கள்.

'புட் ஆஃப் த மீட்டிங்' சரி. 'புட் த மீட்டிங் ஆஃப்' என்பதும் சரி. மீட்டிங்குக்குப் பதில் 'இட்' வந்தால் 'புட் இட் ஆஃப்' மட்டும்தான் சரி. 'புட் ஆஃப் இட்' கூடாது. அப்பாடா, 'இட்', 'ஹிம்' எல்லாம் நடுவில் உட்காருபவை என்று விதி கண்டுபிடித்துப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளப் போனால், அங்கே 'லுக் ஆஃப்டர் ஹெர்'தான். 'லுக் ஹெர் ஆஃப்டர்' கிடையாது. முன்னதில் வருவது பார்ட்டிகிள், பின்னதில் வருவது ப்ரெப்பசிஷன் என்று இலக்கணம் படித்தவர்கள் விளக்குவார்கள். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

விதி 7: எந்த நாட்டில் பேசுகிறீர்கள் என்று கவலைப்படாதீர்கள்.

நம் பட்டதாரிகள் கல்லூரியிலிருந்து 'பாஸ் அவுட்' ஆகிறார்கள். சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலும் பயிற்சி முடிந்ததும் நடப்பது 'பாஸிங் அவுட் பரேட்'. பிரிட்டிஷ் ராணுவ வழக்கு அது. ஆனால் அமெரிக்காவில் 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. '2019-இல் பாஸ் அவுட்' என்று விண்ணப்பத்தில் எழுதினால், பிறகு எப்போது தெளிந்தது என்று அங்கே கேட்கக்கூடும்.

விதி 8: எதுவும் சரிப்படவில்லையா? லத்தீனுக்கு ஓடுங்கள்.

'புட் ஆஃப்' குழப்பினால் 'போஸ்ட்போன்'. 'புட் அப் வித்' பயமுறுத்தினால் 'டாலரேட்'. 'லுக் இன்டு' வேண்டாம், 'இன்வெஸ்டிகேட்'. லத்தீன் வழிவந்த இந்தச் சொற்கள் ஒற்றைச் சொல்லில் வேலையை முடித்துவிடும். ஒரே குறை, தேநீர்க் கடையில் நின்று பேசினாலும் கலெக்டருக்கு மனு வாசிப்பது போலிருக்கும். பிறந்தநாள் மெழுகுவர்த்தியை 'எக்ஸ்டிங்குவிஷ்' செய்யச் சொன்னால் குழந்தை கேக் வேண்டாம் என்று எழுந்து போய்விடும்.

இனி விளையாட்டை விட்டுவிட்டு ஒரு வார்த்தை. 'கட்டு' என்ற ஒரு தமிழ் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிக்கொண்டார், கட்டிக்கொடுத்தார், கட்டிவைத்தார், கட்டிப்போட்டார். மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பனாரை, மகளைக் கட்டிப்போட்டார் என்று நம்மில் யாரும் தவறியும் சொல்வதில்லை. கொடு, போடு என்று பிரித்துப் பொருள் பார்த்தா இதைக் கற்றோம்? வீட்டில் பேசக் கேட்டோம், வந்துவிட்டது. ஆங்கிலேயக் குழந்தையும் 'புட் ஆஃப்', 'புட் அவுட்' எல்லாவற்றையும் அப்படித்தான் கற்கிறது.

ஆகவே 'ஆஃப்' என்றால் என்ன, 'அப்' என்றால் என்ன என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை நிறுத்துங்கள். வினையையும் ஒட்டையும் பிரிக்காமல், முழு வாக்கியமாகக் கேளுங்கள், முழு வாக்கியமாகவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஓர் இடத்தில் 'ஆனா, ஆஃபா' என்று தடுமாறினால் அகராதியைப் பாருங்கள். ஜான்சன் காலம் முதல் அது இருப்பது அதற்காகத்தான்.