அண்டா திரும்பும் வரை: சிகாமட் திருவிழா நிறைவு குறித்து ஓர் ஆய்வு

ஒரு வேலை எப்போது முடிகிறது என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்கிவருகின்றன: செய்தவர் களைத்துப்போகும்போது, அல்லது பணம் தீர்ந்துபோகும்போது. இரண்டையும் மறுத்து மூன்றாவதாக ஒன்றைச் சொன்ன பெருமை பிரிட்டிஷ் அரசாங்கத்தைச் சாரும். 1975இல் சிம்பாக்ட் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் வகுத்த பிராம்ப்ட் 2 என்னும் திட்ட மேலாண்மை முறையை எடுத்துக்கொண்டு, அதை 1989இல் பிரின்ஸ் என்றும் 1996இல் பிரின்ஸ்2 என்றும் வளர்த்தது. 2023இல் ஏழாம் பதிப்பு கண்டுவிட்ட இம்முறை, கொள்கையையும் செயல்முறையையும் ஏழேழாகவே எண்ணும். ஏழாவது செயல்முறை, திட்டத்தை மூடுவது. அதன் சாரம் இதுதான்: திட்ட மேலாளருக்கு மூடும் அதிகாரம் கிடையாது. செய்ததை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், போட்ட திட்டத்தோடு நடந்ததை ஒப்பிட வேண்டும், கற்ற பாடங்களை எழுதிவைக்க வேண்டும், மிச்சமிருக்கும் வேலை இன்னாருடையது என்று சொல்ல வேண்டும். அதன்பின் மூடலாம் என்று பரிந்துரைக்க மட்டுமே அவரால் முடியும். மூடுவது திட்டக் குழு. இக்கட்டுரையின் துணிபு யாதெனில், மலேசியாவின் சிகாமட் வட்டாரத்துக் கோயில் திருவிழாக்கள் சாமிக்குச் செய்ய வேண்டிய நிறைவைப் பிரின்ஸ்2 வியக்கும் அளவுக்குத் துல்லியமாகச் செய்துவிட்டு, மனிதருக்குச் செய்ய வேண்டிய நிறைவில் மட்டும் கோட்டைவிடுகின்றன. ஆகவே, திருவிழா முடிந்ததற்கு ஏற்கத்தக்க ஒரே சான்று, இரவல் வாங்கிய கடைசி அண்டா உரியவர் வீட்டு அடுக்களைக்குத் திரும்புவதே.

முதலில் சாமி தரப்பை நோக்குவோம். காப்புக் கட்டாமல் திருவிழா தொடங்குவதில்லை. காப்பை அவிழ்க்காமல் முடிவதுமில்லை. ஏற்றிய கொடி தானாக இறங்காது. அதை இறக்க ஒரு நாள், ஒரு நேரம், ஒரு குருக்கள் என எல்லாம் முன்கூட்டியே அழைப்பிதழில் அச்சாகியிருக்கும். மாரியம்மன் கோயிலென்றால் மஞ்சள் நீராட்டு உண்டு. சிவன் கோயிலென்றால் சண்டேசுவரர் எனவும் வழங்கும் சண்டிகேசுவரர் இருக்கிறார். அவரைக் கணக்கதிகாரி என்று சொன்னால் மிகையாகாது. சோழர் காலத்தில் கோயில் நிலம் கைமாறியது சண்டேசுவரர் பெயரில். அந்த விற்பனைக்குச் சண்டேசுவரப் பெருவிலை என்றே கல்வெட்டுகளில் பெயர். இன்றும் பக்தர் புறப்படும்போது அவர் முன் மெல்லக் கைதட்டி, கோயில் சொத்து எதையும் கொண்டுபோகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் போகிறார். மூடுவதை வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தான் என்பார் இவ்விடத்தில் வாய்மூடுவர். கும்பாபிஷேகத்துக்கு வந்தால் இன்னும் நுட்பம்: கலசத்தில் நீர் ஊற்றியதோடு பொறுப்பு தீர்வதில்லை, 48 நாள் மண்டல பூஜை செய்து மண்டலாபிஷேகம் முடித்தால்தான் கணக்கு நேர். (புதுவீடு வாங்கியவர் பழுது கண்டு முறையிட மலேசியச் சட்டம் 24 மாதம் தருகிறது. சாமிக்கு 48 நாள் போதும் என்பது, கட்டியவர் மேல் அதற்கிருக்கும் நம்பிக்கையைக் காட்டும்.)

இனி மனிதர் தரப்பு. கொடி இறங்கிய மறுநாள் காலை கோயில் பின்கட்டு எப்படியிருக்கும் என்பது எந்த ஆகமத்திலும் சொல்லப்படவில்லை. நுழைவாயில் வாழைமரம் கயிற்றோடு சாய்ந்து பழுத்துக்கொண்டிருக்கும். நாற்காலிகளை லோரிக்காரர் எண்ணிப் பார்த்து எடுத்துப்போய்விடுவார். வாடகைப் பொருள் எப்போதும் திரும்பிவிடும், அதற்கு வைப்புத்தொகை கட்டியிருக்கிறது. சிக்கல் இரவல் பொருளில். அன்னதானத்துக்காக நாலு வீட்டிலிருந்து வந்த அண்டாக்கள் குழாயடியில் கவிழ்ந்து கிடக்கும். ஒன்றின் விளிம்பில் சிவப்புப் பெயின்டில் இரண்டு எழுத்து. அதைப் படிப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இன்னொன்றின் அடியில் பாயசம் தீய்ந்து கறுத்திருக்கும், அதனால் அதைத் தூக்கிக்கொண்டு யாரும் உரியவர் வீட்டு வாசலில் போய் நிற்கத் துணியமாட்டார்கள். “யாருதுக்கா இது?” என்று கேட்டால், “உபயக்காரங்க கொண்டாந்ததுதான், வந்து எடுத்துக்குவாங்க” என்று விடை வரும். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பிரின்ஸ்2 தடுக்க முயல்கிறது. மிச்சமிருக்கும் வேலையைப் பெயர் சொல்லி ஒருவர் தலையில் கட்டாவிட்டால், அது எல்லோருடைய வேலையாகி, அப்புறம் யாருடைய வேலையும் இல்லாமல் போய்விடும்.

இதற்கு மறுப்பாக, மக்களுக்குப் பயன் கிடைத்த நாளே திட்டம் முடிந்த நாள், பந்தி பரிமாறியாயிற்று, அண்டா அற்பம் என்பாரும் உளர். அது பொருந்தாது. சிகாமட் நிலையத்தையே சான்றாகக் கொள்ளலாம். 1909இல் ஜொகூர் மாநிலத்தின் குறுக்கே தண்டவாளம் முழுமையானபோதிலிருந்து ரயில் பார்த்த ஊர் இது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைத் தண்டவாளம் போடும் திட்டம் கெடுவைப் பலமுறை தாண்டி நகர்ந்து, 2025 மார்ச் 15 அன்று இடிஎஸ் ரயிலைச் சிகாமட்டுக்குக் கொண்டுவந்தது. அன்றைக்குச் சிகாமட்காரர் கண்ணில் திட்டம் முடிந்தது. அதே தடத்தில் இன்னும் தெற்கே இருக்கும் குளுவாங்காரர் கண்ணில் அது தொடங்கவே இல்லை. ஜொகூர் பாரு சென்ட்ரல் வரை இடிஎஸ் ஓட டிசம்பர் 12 ஆயிற்று. மார்ச்சில் நடந்தது ஒரு கட்டத்தின் எல்லை, திட்டத்தின் நிறைவு அன்று. இரண்டையும் குழப்பாதே என்று பிரின்ஸ்2 இரண்டுக்கும் வெவ்வேறு செயல்முறை வகுத்திருக்கிறது. பந்தி பரிமாறுவதும் அவ்வாறே ஒரு கட்டத்தின் எல்லைதான். பயன் அடைந்தவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார் என்பதால் அண்டா கழுவப்பட்டதாக ஆகாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 விடியற்காலையில் சிகாமட்டை 4.1 ரிக்டர் அளவில் உலுக்கிய நிலநடுக்கம்கூட ஒரே அசைவில் முடித்துக்கொள்ளவில்லை; பின்னதிர்வுகளை அனுப்பித்தான் ஓய்ந்தது. பூமியே பாக்கி வைக்கும்போது விழாக்குழுவைக் குறைசொல்வதற்கில்லை என்று இதிலிருந்து வாதிடுவோர், பூமிக்குச் செயலாளர் கிடையாது என்பதை நினைவில் கொள்க.

இரண்டாம் மறுப்பு சற்று வலுவானது. திட்டம் என்பது ஒருமுறை தோன்றி மறையும் தற்காலிக அமைப்பு; திருவிழாவோ ஆண்டுதோறும் வருவது, அன்றாடப் பணியோடு சேர்ந்தது, அதை மூட வேண்டியதில்லை என்பர். கோயில் நிரந்தரம் என்பது மெய். நிர்வாகமும் ஓரளவு நிரந்தரமே. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பதிவுபெற்ற சங்கம், ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள் கணக்கும் அறிக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். ஆனால் இவ்வாண்டு திருவிழாவின் உபயதாரர் பட்டியல், கூடார வாடகை, சமையற்காரர் பேச்சு, அந்த நாலு அண்டா ஆகியவை இவ்வாண்டுக்கே உரியவை. அவற்றைத் தனியே மூடாமல் ஆண்டுக் கணக்கில் கரைத்துவிடுவதால்தான் கூட்டத்தில் “இதர செலவு” என்ற வரி எழுந்து நிற்கிறது, உடனே பின்வரிசையில் ஒருவரும் எழுந்து நிற்கிறார். பாடக் குறிப்பும் இதே வழியில் காணாமல் போகிறது. சென்ற ஆண்டு எத்தனை மூட்டை அரிசி போட்டோம், அதில் எவ்வளவு மிஞ்சியது என்பது சமையலுக்கு நின்ற ஒரு பெரியவரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர் மகன் வீட்டுக்கு ஜொகூர் பாரு போய்விட்டால் ஊரின் அறிவுச் செல்வமும் அவரோடு ரயிலேறிவிடும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் இரண்டு பக்கம் போதும். எழுதாததற்குச் சொல்லப்படும் காரணம், “அடுத்த வருசம் பாத்துக்கலாம்”. அடுத்த ஆண்டு குழு வேறு.

எஞ்சியது மிகக் கடினமான ஒரு நிலை: உரியவர் யாரென்றே தெரியாத அண்டா. எமது அளவுகோலின்படி அப்படி ஓர் அண்டா இருக்கும்வரை திருவிழா மூடப்படாது. மூடப்படாவிட்டால் அடுத்த ஆண்டு காப்புக் கட்ட முடியாது. எனவே எமது கொள்கை ஊர்த் திருவிழாவையே நிறுத்திவிடும் என்று எதிர்ப்போர் சொல்லக்கூடும். இதை யாம் அறிவோம். பிரின்ஸ்2 இடையில் முறிந்த திட்டத்தையும் ஒழுங்காக மூட வழி வைத்திருக்கிறது: கைக்கு வந்ததைக் காப்பாற்று, எஞ்சியதை யார் பொறுப்பில் விடுகிறாய் என்று எழுது, குழுவின் ஒப்புதலைப் பெறு. அதன்படி அனாதை அண்டாவை ஆண்டுக் கூட்டத்தின் முன் வைத்து, சிவப்பு எழுத்தைக் கடைசியாக ஒருமுறை எல்லோரும் படித்துப் பார்த்து, உரிமை கோருவார் இல்லையெனில் கோயில் சாமான் அறைக்கு அதை மாற்றுவதாகத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய வேண்டும். தீய்ந்த பாயசத்தைச் சுரண்டும் பொறுப்பு முன்மொழிந்தவரைச் சாரும்.