வாய் கட்டி லப்டொப் பார்த்தல்

சின்னக் கதிர்காமம் என்று பெயர்பெற்ற மண்டூர் முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டே பூசை செய்வார். பழைய லப்டொப்பின் முன் குந்தியிருப்போருக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும். திரையில் வட்டம் சுழலச் சுழல வாயில் வருவது அர்ச்சனை அல்ல.

மண்டூரிலிருந்து வாவியைப் பாதைப் படகில் கடந்து குருமண்வெளியில் இறங்கி, லப்டொப்பைத் திருத்தக் களுவாஞ்சிகுடிப் பக்கம் கொண்டுபோனால் தீர்ப்பு தயார்: "இது சரிவராது அண்ணன், புதிசு ஒண்டு எடுங்க." எடுக்கலாம்தான். 2022இல் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்த டொலர், விலைச்சீட்டில் இன்னும் குடியிருக்கிறது.

மைக்ரோசொப்ட்டுக்கும் இரக்கமில்லை. 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10ஐக் கைகழுவிவிட்டு, விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. நேற்றுவரை ஓடிய பெட்டிக்கு இன்று சாதகம் பொருந்தவில்லையாம்.

உண்மையில் பல பெட்டிகளுக்கு நோய் ஒன்றுதான்: சுழலும் பழைய ஹாட் டிஸ்க். அதைக் கழற்றி எஸ்எஸ்டி பூட்டி, ரேமும் கொஞ்சம் கூட்டினால் எழும்பி ஓடும். விண்டோஸ் மறுத்தால் லினக்ஸ் இலவசம். மதர்போட் எரிந்தால் மட்டும் புதிசு. அதையும் "மகளின் பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவார்கள். பரீட்சைக்குப் படிப்பதோ அதே லப்டொப்பில்.